ஒன்பது நொடி

பதினாலு நிமிஷம் பேசினாள் அஞ்சலாட்சி,
கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில்,
விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு,
கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்று.
வஞ்சிரம் வாங்கப் போன நான்
கையிலிருந்த போனைத் தூக்கினேன்.

கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றாள்.
ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கணும்,
நிற்கிற நேரத்தில் ஏலம் முடிந்துவிடுகிறது என்றாள்.
(சற்று முன்னால் குப்பம்மாவுக்காக நானே பிடித்தேன்.
துருப்பிடித்த தகரம். விளிம்பு கையை அறுக்கும்.)
தினமும் வாங்குகிற பத்து ரூபாய்க்குச் சீட்டு எங்கே என்றாள்.
மூன்று திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுத்த மனுவின் நகலை
இடுப்பிலிருந்து உருவிக் காட்டினாள்.
அந்த நகல், மஞ்சக்குப்பம், என் கடையில் எடுத்தது.

கூட்டத்தில் எவனோ, 'வூட்ல கெட, போ' என்றான்.
'நீ போயி சோறாக்குடா. கடலுக்கு நான் போறேன்.'

ஒன்பது நொடி.
நான்தான் வெட்டினேன்.
இட்லி வேகிற நேரத்தில், கட்டைவிரலால்,
தலையும் வாலும் கழித்து
நடுத்துண்டை மட்டும் தட்டில் வைத்தேன்.

மத்தியானத்துக்குள் அவள் பெண்ணியம் ஆகிவிட்டாள்.
யாரோ உடுக்கைச் சத்தம் சேர்த்தார்கள்.
யாரோ தலையில் கிரீடம் வைத்தார்கள்.
திருப்பூரில் ஒருவன் துண்டை முந்தானையாகப் போட்டு
உதட்டுக்குச் சாயம் பூசி அவளாக நடித்தான்,
நாலு லட்சம் பேர் சிரித்தார்கள்.
இதனால்தான் குடும்பம் கெடுகிறது என்றார்
கார் ஓட்டிக்கொண்டே பேசுகிற ஒருவர்.
இதுதான் நாங்கள் கேட்ட விடுதலை என்றாள்
பின்னால் பூந்தொட்டி வைத்துப் பேசுகிற ஒருத்தி.
இரண்டு பேருக்கும் தாழ்ப்பாள் தெரியாது.
எப்படித் தெரியும்,
அது நாலாவது நிமிஷத்தில் இருந்தது.

அஞ்சலாட்சி வீட்டில் சோறாக்குவது தேசிங்குதான்.
விசைப்படகில் கயிறு இழுத்து மூன்று விரல் போனபிறகு
ஆறு வருஷமாக.
அவர் வைக்கிற காரப்பொடிக் குழம்புக்கு
சோனாங்குப்பத்தில் தனிப் பேர் உண்டு.
டீக்கடையில் அவரை உட்கார வைத்துக் காட்டினார்கள்.
ஒன்பது நொடியும் பார்த்தார்.
'உப்புப் போட்டனா இல்லியான்னு தெர்ல'
என்று எழுந்து போய்விட்டார்.

கல்லூரியில் படிக்கிற என் தங்கை மகள்,
'எனக்குப் பெண்ணியம்லாம் புடிக்காது பெரியம்மா,
சும்மா கத்துறதுதான அது' என்றாள்.
அத்தாட்சிக்குப் போனை நீட்டினாள்.
நான் வெட்டியது.
பதில் சொல்ல வாய் திறந்தேன்,
ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது.
அதைத்தான் எடுத்தேன். வெகுநேரம் எடுத்தேன்.

ராத்திரி பதினாலு நிமிஷத்தையும் போட்டேன்.
விடியும்போது முப்பத்தெட்டு பேர் பார்த்திருந்தார்கள்.
அதில் நாலைந்து தடவை நான்.

வியாழக்கிழமை அவளே கடைக்கு வந்தாள்.
திட்டுவாள் என்று கணக்குப் பேரேட்டைப் புரட்டினேன்.
'ஏன்டி புனிதவல்லி,
இத்தினி லட்சம் பேரு பாத்தாங்களாமே,
ஒருத்தராச்சும் ஒரு தாப்பா வாங்கிக் குடுத்தனுப்பலியா?'

நூற்றுப்பத்து ரூபாய், திருப்பாதிரிப்புலியூர் இரும்புக் கடை.
பாதி நான் கொடுக்க வந்தேன், வேண்டாம் என்றாள்.

பொழுது சாய்ந்து கூடம் காலி.
திருப்புளியைக் கதவில் வைத்தாள். என் கை, பழக்கம்,
போனை உயர்த்திவிட்டது.
'படம் வாணாம். டார்ச்ச அடி.'

அடித்தேன்.
சுவரெல்லாம் செதில் மின்னியது.
நாலு திருகாணியில் ஒன்று சாக்கடைக்குள் விழுந்தது.
'மூணு தாங்கும்' என்றாள்,
உள்ளே போய்ப் போட்டுக்கொண்டாள்.

வெளியே நான்.
கதவைப் பிடிக்கப் போன என் கை
பாதியில் நின்று,
என்ன செய்வதென்று தெரியாமல்
டார்ச்சை அணைத்தது.