சனிக்கிழமை வயிறு

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் வரும் அது.
வெள்ளிக்கிழமை வராது.
வெள்ளிக்கிழமை மூன்று பரோட்டா தின்றாள்,
கடற்கரை ஒட்டகத்துக்குப் பெயர் வைத்தாள்.

சனிக்கிழமை
இஸ்திரிப் பெட்டியில் யூனிஃபார்ம் சூடேறும் வாசனை வந்ததும்
தொப்புள்மேல் கையை வைத்துக்கொண்டு
சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள் மெல்சியா.

ஓமத்தண்ணீர் கொடுத்தோம்.
பூச்சி மருந்து கொடுத்தோம்.
கிளினிக்கில் மலையாளி டாக்டர்
நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்து
ஒன்றுமில்லை என்றார்.
ஒன்றுமில்லாததற்கு எட்டு ரியாலா என்று
காரில் கத்தினேன்.
நடிக்காதே என்றும் சொன்னேன்.
அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

நடிக்கிறவளுக்குப் பார்க்க ஆள் வேண்டும்.
இவள் பாத்ரூமைச் சாத்திக்கொண்டு
குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள்,
எங்களுக்குக் கேட்கக் கூடாதென்று.

ஜெசிந்தாதான் கேட்டாள்:
இவளுக்கு நகம் வெட்டி எத்தனை நாளாச்சு?
யோசித்தேன்.
ஏப்ரலில் பள்ளி திறந்தபின் வெட்டவேயில்லை.
வெட்டுவதற்கு நகமே இல்லை.

அன்றிரவு கரீஃப் தூறல்.
சலாலா மலைகள் முழுக்கக் காணாமல் போயிருந்தன.
பால்கனியில் அவளாகவே சொன்னாள்,
என்னிடமல்ல, கம்பியிடம்:
"ஹிந்தி மிஸ் எழுந்து வாசிக்கச் சொல்வாங்க.
அங்க நாலு 'க' இருக்குப்பா.
எனக்கு நாலும் ஒரே 'க'தான் வருது.
எல்லாரும் சிரிக்கிறாங்க.
மிஸ்ஸும்."

பயப்படாதே என்று வாயெடுத்தேன்.
வேறு ஒன்று வந்தது.
"துறைமுகத்துல என் கிரேன் கேபின்
நாற்பது மீட்டர் மேல.
முதல் மூணு மாசம்
ஏறுறதுக்கு முன்னாடி தினம்
கண்டெய்னருக்குப் பின்னால போய் வாந்தி எடுப்பேன்."
ஜெசிந்தாவுக்கும் சொன்னதில்லை இதை.
உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரும் பாக்கலையா?"
"தோஸ்த் முராத்னு ஒரு பலூச்சி பாத்தாரு."
"என்ன சொன்னாரு?"
"ஒண்ணும் சொல்லல.
மறுநாள்லேருந்து ஏணிக்குக் கீழ வந்து நிப்பாரு.
நான் மேல போய் விளக்கப் போட்டதும் போயிருவாரு."
"எத்தன நாள்?"
"எண்ணலம்மா."

வகுப்பு மிஸ்ஸிடம் போய்ப் பேசினோம்.
இப்போதைக்குச் சத்தமாக வாசிக்க வேண்டாம்,
ஹிந்தி பீரியடில் மூச்சு முட்டினால்
நூலகத்துக்குப் போகலாம்,
யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.
ஹிந்தி மிஸ் முகத்தைச் சுளித்தார்.
சுளிக்கட்டும்.

ஞாயிறு, ஆறு ஐம்பது.
பஸ்ஸை விட்டுவிட்டுக் காரில் வந்தோம்.
கேட்டைத் தாண்டினாள்.
கொடிக்கம்பத்தைத் தாண்டினாள்.
தண்ணீர்த் தொட்டியருகே நின்றாள்,
திரும்பி ஓடி வந்தாள்.
"இன்னிக்கு இவ்ளோதான்."

ஷர்ட் பைக்குள் ஃபோர்மேன் அதிர்ந்துகொண்டேயிருந்தார்.
எடுக்கவில்லை.
சரி என்றேன்.

தூறலில் இரண்டு பேரும் நின்றோம்.
மணி அடித்தது.
அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அங்கிருந்து படிக்கட்டுக்கு
எத்தனை எட்டு என்று
உதடு எண்ணுவது தெரிந்தது.