துளை

டூட்டிங் பிராட்வேயில் எங்கள் வடை
இன்னும் ஒரு பவுண்டுதான்.
கண்ணாடியில் ஒட்டிய விலையைத்
தயாபரன் அண்ணை மாற்றவில்லை.
மாறியது என் பெருவிரல்.

உழுந்து மூட்டை ஏறிய கிழமை
"கொஞ்சம் அகலமாய்க் குத்து பிள்ளை" என்றார்.
எண்ணெய் டின் ஏறியபோது
ஒன்றும் சொல்லவில்லை.
பில்லை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில்
வைத்துவிட்டுப் போனார்.
விரலை இன்னொரு சுற்றுச் சுழற்றினேன்.

இரவு வேலை முடிந்த நர்சுகள்
பார்க்காமலே கடித்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள்.
சனி தவறாமல் ஆறு வாங்கும் குகநேசன்தான்
வடையைத் தூக்கிப் பிடித்து
அதன் வழியே என்னைப் பார்த்தார்.
"முகம் முழுக்கத் தெரியுது தங்கச்சி."
அப்பம் தின்னாமல் குழி எண்ணுகிற ஆள்.
சிரித்தேன். அவரும் சிரித்தார்.
பிறகு, ஐந்து போதும் என்றார்.

வீட்டில் நான் மட்டும் என்ன,
புதுச் சோப்பின் முதுகில்
பழையதின் தோலை ஒட்டுகிறேன்.
ஹீட்டர் ஒன்பது மணிக்குத்தான்.
தேத்தண்ணிக்கு அரைக் கரண்டி சீனி,
அதையும் தட்டிவிட்டு.

ஞாயிறு பிள்ளைகளுக்குச் சுட்டேன்,
துளையே இடாமல், உள்ளங்கை நிறைய.
வெளியே நல்ல பொன்னிறம்.
கடித்தபோது
நடுவில் பச்சை மாவு.