வியாழன்வரை தாங்கும்

பெர்காமோவில் எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் இல்லை.
ஐந்து மாடி, பதினோரு வீடு,
வீட்டுக்கொரு பழுப்பு வாளி.
வாளிக்குள் சோளமாவில் செய்த பச்சைப் பை.
ஈரக் கையால் தொட்டால்
விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், அவ்வளவு மெலிசு.

வியாழன் விடியலில் எடுக்க வருவோம்.
வருவோம் என்றால், நான்தான்;
லாரியின் பின்படியில் தொங்குகிறவன்.
இந்தப் பை வியாழன்வரை தாங்கும்.
வெள்ளிக்கு அது வாக்குக் கொடுத்ததே இல்லை.

ஜூலையில் ஒரு வாரம் வேலைநிறுத்தம்.
கூலி, கையுறை, புது மழைக்கோட்டு:
கோரிக்கைகள் நியாயமானவை, இப்போதும் சொல்வேன்.
வெயில் மட்டும் வேலைக்கு வந்தது.

நாற்றம் தாளாமல்
பைகளைப் படிக்கட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்.
சனிக்கிழமை காலை
ஒவ்வொன்றாக அடி விட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்.
மக்கும் பையில் முடியாது.
சர்க்கரையைத் தொடுவதே இல்லை என்கிற
கணக்காளர் கிஸ்லாந்தியின் வாசலில்
கடித்த க்ரீம் பன், ஏழு பாதிகள்.
இறைச்சியைத் துறந்த நான்காம் மாடித் தம்பதிக்குக்
கோழி எலும்பு, நன்றாகச் சப்பியது.
என் பையும்தான். மனைவியிடம்
தின்றுவிட்டேன் என்று சொன்ன கீரை அத்தனையும்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
மூக்கைப் பொத்திய கை
பாதி முகத்தை மறைத்தது வசதியாகப் போயிற்று.

மூன்றாம் மாடி நோயெமி கதவையே திறக்கவில்லை.
அவள் பையிலிருந்து சரிந்து கிடந்தன ரோஜாக்கள்,
மொட்டு விரியாமல், காம்பு நறுக்காமல்,
கடையில் கட்டிய நாடாகூட அவிழ்க்காமல்.

துடைப்பமும் வாளியும் எடுத்து வந்தேன்.
'போராட்டத்தை முறிக்கிறாயா?' என்றார் கிஸ்லாந்தி.
பிறகு துடைப்பத்தைப் பிடுங்கி
அவரே ஆறு படி பெருக்கினார்,
பன் கிடந்த படியிலிருந்து தொடங்கி.

பூ மக்கும். காம்பு மக்கும். முள்ளும் மக்கும்,
கொஞ்சம் நாளாகும்.
நாடா மக்காது.
அதைப் பிரித்தெடுப்பது என் தொழில்,
வேலைக்குப் போகாத நாளிலும்.
முடிச்சு இறுகியிருந்தது.
கையுறையைக் கழற்றித்தான் அவிழ்க்க முடிந்தது.
மூடிய கதவுக்குப் பின்னால்
குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்டோபரில் புது மழைக்கோட்டு வந்தது.
பழையதைத் திருப்பிக் கொடுக்கும்முன் சட்டைப்பையைத் துழாவினேன்:
ஒரு சாவி, இரண்டு பேருந்துச் சீட்டு, கூழாகி.
நாடா அப்படியே இருந்தது,
சிவப்புகூட மங்காமல்.