எண் அழிந்த இடம்

புதுச்சேரி, கடற்கரைச் சாலை விடுதி,
மூன்றாம் மாடி அரங்கின் மூலையில்
ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே நான்.
இரைச்சல் மைக்கில் ஏறுகிறதென்று
ஏசியை நிறுத்திவிட்டார்கள்.
காதில் பிரெஞ்சு, வாயில் தமிழ்,
நடுவில் வியர்வை.

கையெழுத்துப் போட்ட நாடுகள்
போட்ட கையெழுத்தைக் காப்பாற்ற
மூன்று நாள் பயிற்சி.

முதல் நாள் முழுக்க ஒரே சொல்லோடு மல்லுக்கட்டினேன்.
கடத்தல்.
பெண்ணைத் தூக்கினாலும் கடத்தல்,
ஆற்று மணலை அள்ளினாலும் கடத்தல்,
செம்புக் கம்பி மின்சாரத்தைச் செய்வதும்
வேலையில்லாதவன் பொழுதைச் செய்வதும் அதுவே.
துறைமுகக் காவலர்கள் யாரும் விளக்கம் கேட்கவில்லை.
துப்பாக்கி என்ற சொல்லே கப்பலேறி வந்ததுதான்.
வந்த தேதிக்கு
நம்மிடம் ரசீது இல்லை.

கூண்டுக்கு ஒரு விதி உண்டு:
பேசுகிறவர் 'நான்' என்றால்
நீயும் 'நான்' என்றே சொல்.
அப்படி நான் சுங்க அதிகாரியாக இருந்தேன்,
கிடங்குக் கணக்கராக இருந்தேன்,
'உறுதியாக நம்புகிறேன்' என்று
பதினேழு தடவை நம்பினேன்.

இரண்டாம் நாள், சாப்பாட்டுக்குப் பின்,
பாதி அரங்கு கண்ணயர்ந்த வேளையில்
கடலூரிலிருந்து வந்த தடயவியல் உதவியாளர் வேதநாயகி
திரையில் ஒரு கைத்துப்பாக்கியைக் காட்டினார்.
உப்பனாற்றில் நண்டு வலையில் சிக்கியது.
எண் இருந்த இடம் மட்டும் பளபளப்பு.
அரத்தால் ராவியிருக்கிறார்கள்.

"அடித்த எண் மேலோடு நிற்காதுங்க.
அச்சு இறங்கின வேகத்துல
அடியில இருக்கிற இரும்பும் நசுங்கியிருக்கும்.
ராவினவனுக்கு அது தெரியாது.
அமிலம் தொட்ட பஞ்சால துடைச்சா
கொஞ்ச நேரம் எழுந்து வரும், அப்புறம் போயிடும்.
அதுக்குள்ள படம் எடுத்துடணும்."

மூன்று. ஒன்று. ஒன்பது. மறுபடி ஒன்று.
கடைசி மூன்று இலக்கம் எழுந்து வரவில்லை.

சம்பவ இடம்: சோனாங்குப்பம், ஐஸ் கம்பெனி வாசல்.
இறந்தவர்: ஆண், வயது இருபத்தாறு.
பிரெஞ்சில் அது ஒரே மூச்சு.
சொன்னேன்.
அவர் சொல்லாத பெயரை நான் சேர்க்க முடியாது.
தனவேல்.
அந்த வாசலிலிருந்து அவன் இடதுகால் செருப்பை
வீட்டுக்கு எடுத்துப் போனவள் நான்தான் என்பதும்
மொழிபெயர்ப்பில் வராது.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
தீவு நாட்டுப் பிரதிநிதி, நீலச் சட்டை,
பேச எழுந்தவர் கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடி துடைத்தார்.

"அந்த நான்கு இலக்கம் எங்கள் இறக்குமதித் தொடர்.
உங்கள் கடிதம் எனக்கு வந்தது. நினைவிருக்கிறது.
நான் பதில் போடவில்லை.
புயலில் பதிவறையின் கூரை போய்விட்டது.
ஏடுகள் நனைந்து செங்கல் செங்கலாக ஒட்டிக்கொண்டன,
கத்தி வைத்துப் பிரித்தால் மை மட்டும் வந்தது.
ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பேனா போதும்.
மற்ற எல்லாவற்றுக்கும் கூரை வேண்டும்.
நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

நான் மன்னிப்புக் கேட்கிறேன்
என்று என் குரல் சொன்னது,
அரங்கின் நாற்பது காதுகளில்,
தமிழில், தெளிவாக.
நான்கு வருடம் காத்திருந்த பதில்
என் வாய் வழியாக வந்து
என் காதிலேயே விழுந்தது.
மைக்கை அணைக்கும் பொத்தான் சிவப்பு.
இருமல் வந்தால் அழுத்தலாம் என்றிருந்தார்கள்.
எனக்கு இருமல் வரவில்லை.

மூன்றாம் நாள் தீர்மானம்:
அந்தத் தீவுக்கு ஒரு பதிவறை, கான்கிரீட் கூரையோடு;
எண் பொறிக்கும் இயந்திரம் ஒன்று;
இயக்க இரண்டு பேர், இரண்டு ஆண்டுச் சம்பளம்.
கைதட்டல். குழுப்படம்.
நீலச் சட்டைக்காரர் லிஃப்ட்டில்
என் பிரெஞ்சு நன்றாக இருப்பதாகச் சொன்னார்.
எந்த ஊர் என்று கேட்டார்.
பக்கம்தான் என்றேன்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
இரவு, சோற்றைப் போட்டுக்கொண்டே அம்மா,
"மூணு நாளா என்னதான் பேசினாங்க?"
கூரை போட்டுக் கொடுக்கப் போறாங்கம்மா.
கரண்டி நின்றது.
"யார் வூட்டுக்கு?"