கழிவு

தியோவின் வாட்ஸ்அப் ஒன்பதாவது முறையாக மினுக்குகிறது:
"டாக்டர், நாளையோடு கடைசி."
வெளியே ஊத்தான் மெலிந்தாங் மூன்று நாளாக நனைகிறது.
குலை ஏற்றிய லாரிகள் போன சாலையில்
சேறு, பிழிந்த செம்பனை நிறத்தில்.

நோர்ஹயாத்தி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போயாயிற்று.
நோயாளி நாற்காலியில் நானே சாய்ந்து கிடக்கிறேன்,
விளக்கை அணைக்காமல்,
என் வாயை நானே பார்க்கப்போவதுபோல.

கணக்கு சின்னதுதான்.
சேமநிதியில் நானாகப் போடும் நாலாயிரத்துக்குக் கழிவு உண்டு.
தனியார் ஓய்வுத் திட்டத்தில் மூவாயிரத்துக்கு உண்டு.
என் வருமானம் நிற்கும் படியில் நூற்றுக்கு இருபத்தைந்து வரி.
ஆக, மூவாயிரம் போட்டால்
எழுநூற்றைம்பது வெள்ளி என்னிடமே திரும்பி வரும்,
வீசிய பந்தை நாய் கவ்வி வருவதுபோல,
கொஞ்சம் எச்சிலோடு.

ஆனால் பூட்டு.
ஐம்பத்தைந்துவரை பூட்டு.
நடுவில் திறந்தால் எட்டு விழுக்காடு அபராதம்.
எனக்கு நாற்பத்தொன்பது.
வலது கட்டைவிரல் போன மார்ச்சிலிருந்து
மதியத்துக்குமேல் என் பேச்சைக் கேட்பதில்லை.
படிவத்தில் எல்லாம் கேட்டிருக்கிறார்கள்,
விரலின் வயதைத் தவிர.

"ரிஸ்க் எவ்வளவு தாங்குவீங்க?
ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."
தியோவின் தமிழ் என் மலாயைவிட நன்றாக இருக்கும்.
நானும் நாள் முழுக்க இதைத்தான் கேட்கிறேன்,
வலி எவ்வளவு, பத்துக்குள் சொல்லுங்கள் என்று.
எல்லாரும் ஏழு என்கிறார்கள்.

இன்று கடைசியாக வந்தவர் ஜீவரத்தினம்.
மில்லில் பாய்லர் வேலை.
கீழ்வரிசை, இடப்பக்கம், ஆறாம் பல்.
காப்பாற்றலாம். வேர் வைத்தியம், மேலே தொப்பி:
ஆயிரத்து எண்ணூறு.
பிடுங்க நூறு.
எண்ணெய் படிந்த நகத்தால் சேமநிதிச் செயலியைத் தட்டி
கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
மூன்றாம் கணக்கு:
அறுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது சென்.
"போன மாசம்தான் மவ லாப்டாப்புக்கு எடுத்தேன்."

மாதம் நூறாகக் கட்டுங்களேன் என்றேன்.
கைக்கண்ணாடியை வாங்கி வாயைத் திறந்து
நிதானமாக எண்ணினார்.
"அது போனாலும் இருவத்தாறு இருக்கு டாக்டர். புடுங்கிருங்க."

பிடுங்கினேன்.
நல்ல பல். இரண்டு வேரும் முறியாமல் வந்தன.
ரசீதை நீட்டினால் வேண்டாமென்று தலையாட்டினார்,
பஞ்சைக் கடித்தபடி, "எனக்கு ஏது வயி."
வரியா, வலியா?
மரத்த உதட்டில் இரண்டும் ஒன்றுதான்.

அவரும் மூவாயிரம் போடலாம்,
யாரும் தடுக்கவில்லை.
திரும்பி வருவது பூஜ்யம்.
நான் அதிகம் சம்பாதிப்பதால்தான்
எனக்கு எழுநூற்றைம்பது.
சட்டம் இதைச் சலுகை என்கிறது.
நான் இத்தனை வருஷம்
சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

இவ்வளவு சொன்னபின் போட்டிருக்கமாட்டேன் என்று நினைப்பீர்கள்.
போட்டேன்.
இரவு பத்து நாற்பத்தேழு.
மூவாயிரம், மிதமான நிதியில். நாலாயிரம் சேமநிதிக்கு.
இன்னும் இருபதாயிரத்தை
ஐந்தரை வட்டி வருமென்று தெரிந்தும் பூட்டவில்லை.
கழிவும் இல்லாத, கவர்ச்சியும் இல்லாத
சாதாரணக் கணக்கில் கிடக்கட்டும்,
கட்டைவிரலுக்காக.
தியோ வாணவேடிக்கைப் படம் ஒன்று அனுப்பினான்.

எழுந்து கை கழுவும்போது பார்க்கிறேன்,
தட்டில் ஜீவரத்தினத்தின் பல்.
மறந்துவிட்டாரா, வேண்டாமென்று விட்டாரா.
இதையும் கழிவு என்றுதான் பதிவேட்டில் எழுதவேண்டும்.
மஞ்சள் பை.
லாரி புதன்கிழமை வரும்.