இரண்டு மாதத்துக்கு ஒருமுறை

மின்கணக்கு எடுப்பவளுக்கு
வருஷத்தில் ஆறே மாதம்.
பள்ளத்தூரில் எனக்கு மாசி முடிந்தால் சித்திரை.
பங்குனி எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்,
பங்குனியில் நான் புதுவயலில் இருப்பேன்.

அதனால் என் கீரைகள் வளர்வதில்லை.
தாவுகின்றன.
ஆவணியில் வெறும் செம்புராங்கல் தரை.
ஐப்பசியில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தினால்
ஸ்டாண்டு போட இடம் விடாமல்
சாரணை.

முன்வாசல் ஒரு வீதி, பின்கதவு அடுத்த வீதி,
நடுவில் இருக்கும் அத்தனை கட்டிலும்
விசிறி சுற்ற ஓர் ஆள் இல்லை.
அட்டையில் எழுதுகிறேன்: யூனிட் பூஜ்யம்.
சுற்றிக்கொண்டு பின்னால் போனால்
மதில்மேல் பிரண்டை,
வெடிப்பில் மூக்கிரட்டை,
குப்பைமேனி நடுவே ஒளிந்தாற்போல் தொய்யக்கீரை.
பூஜ்யம் எழுதின கை
பையை விரிக்கிறது.

வேரைத் தொடமாட்டேன்.
நாய் காலைத் தூக்கும் உயரத்தில் கிள்ளமாட்டேன்.
ரயில் பாதையோரம் எத்தனை செழித்திருந்தாலும்
அது மருந்தடித்த மண்.
மற்றபடி எனக்குக் கொள்கை கிடையாது.

எங்கள் ஆபீஸ் பிச்சையப்பன்
ஒரு மார்கழியில் நான் மிதுக்கங்காய் பறிப்பதைப் பார்த்து
தானும் ஒரு பை நிறையப் பறித்தார்.
அது பேய்த்தும்மட்டி.
வறுத்துத் தின்றுவிட்டு
இரண்டு நாள் மருத்துவ விடுப்பு.
இப்போதும் என் டப்பாவைத் திறந்தால்
எட்டிப் பார்ப்பார், கேட்கமாட்டார்.

போன ஐப்பசியில்
நாலாம் வீதிப் பூட்டிய வீட்டின் பின்மதிலில்
எனக்கு முன்னே யாரோ.
நுனி நுனியாகக் கிள்ளி
சரியாகப் பாதி.
காம்பில் இன்னும் ஈரம்.
ஆடில்லை, ஆடு பாதியில் நிறுத்தாது.
ஏதோ என் பேரில் பட்டா இருப்பதுபோல
எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்,
மிச்சத்தை மொட்டையாக வழித்துப் பையில் போட்டேன்.
அன்றைக்குப் பொரியல்
வீட்டில் நாலு பேருக்கும் மிஞ்சிப்போய்
மறுநாள் கொட்டினோம்.

மார்கழியில் போனேன்.
மிதுக்கங்கொடி மதிலை ஏறி
பழைய கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.
மறுபடியும் பாதி.
நான் மொட்டையடித்தது தெரிந்தும்
பாதி.
கையில் கட்டைப் பையோடு வெகுநேரம் நின்றேன்.
பிறகு அந்தப் பாதியில் பாதியை எடுத்தேன்,
பக்கத்துக் காரையில் நாலு பழம்
வாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

தை மாதம் ஒருநாள் கேஷியர் வரவில்லை.
கவுண்டரில் என்னை உட்காரவைத்தார்கள்.
கம்பிக்கு உள்ளே நீண்டது ஒரு கை,
நூற்றுப் பதினெட்டு யூனிட்,
பெயர் அடைக்கலம், புருஷன் பெயராய் இருக்கும்.
சில்லறை சரியாக இருந்தது.
கட்டைவிரல் நகத்தின் ஓரம்
சோப்புக்குப் போகாத கறுப்பு.
பணத்தை வாங்கிய என் நகத்திலும் அதே கறுப்பு.

அவள் அதைப் பார்த்தாள்.
ரசீதைப் பார்த்தபடி சொன்னாள்:
'மேக்கால மதில்ல இந்த வருசம் காய் கம்மி.'
முத்திரை குத்திக்கொண்டே சொன்னேன்:
'கிழக்கால சந்துல இருக்கு.'
வரிசையில் அடுத்து நின்றவர்
எங்களுக்கு என்ன சொத்துத் தகராறோ என்று
முறைத்தார்.

மாசி.
பள்ளத்தூர் திரும்ப வறண்டு கிடந்தது.
யூனிட் பூஜ்யம் எழுதினேன்.
பின்னால் போக ஒரு காரணமும் இல்லை,
போனேன்.
கொடி காய்ந்து கம்பியோடு கம்பியாக.
மதிலடிப் புழுதியில்
செருப்புத் தடம் ஒன்று வந்து,
கொஞ்சம் நின்று,
வெறுங்கையோடு
திரும்பியிருந்தது.