பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி

போன வாரம் மவுஸின் வயரை எலி கடித்துவிட்டது.
எந்த மொழியில் சொன்னாலும் சிரிப்பாகத்தான் இருக்கும்.
மராத்தியில் சொன்னேன்.
சிரித்து முடித்துவிட்டு,
புதியது அடுத்த மாத பட்ஜெட்டில் என்றார் சாவ்லே.

அப்படித்தான் என் பத்து விரல்களும்
கீபோர்டோடு தனித்து விடப்பட்டன.

சாக்கிநாக்கா. மூன்றாம் மாடி.
கீழே கிரில் பட்டறை பொறி கக்கும்.
மேலே நான்
அறுநூற்றுப் பதினான்கு பேருக்குக்
கூலி கணக்கிடுவேன்.

முதல் நாள்,
கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கீழம்பை அழுத்தினேன்.
காலிப் பத்தியில் நின்றிருந்தேன் போல.
ஒரே பாய்ச்சல்.
பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து
ஐந்நூற்று எழுபத்தாறாவது வரிசை.
எக்செலுக்கும் ஓர் அடித்தளம் உண்டு.
அங்கே ஒருவரும் இல்லை.
பதினோரு வருட மும்பையில்
நான் பார்த்த ஒரே ஆளில்லாத இடம்.
கொஞ்ச நேரம் இருந்துவிட்டு
மேலம்பைப் பிடித்து வந்து சேர்ந்தேன்.

பிறகு பழகிவிட்டது.
ஆல்ட்டும் சமக்குறியும் சேர்ந்தால் கூட்டுத்தொகை.
கன்ட்ரோலும் டியும், மேலே உள்ளது கீழேயும்.
கன்ட்ரோலும் அரைப்புள்ளியும் இன்றைய தேதி.
(நாளைய தேதிக்கு விசை இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.)
எஃப் நான்கை அழுத்தினால் இருபுறமும் டாலர் குறி;
அதன் பின் எவ்வளவு தூரம் இழுத்தாலும்
அந்தக் கட்டம் அசையாது.
என் சம்பளத்துக்கு அதை
யாரோ முன்பே அழுத்தியிருக்கிறார்கள்.

நான்கு நாள் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.
வாயைத் திறக்கவில்லை.
திறந்தால் நாசிக் கிளையின் கோப்பும் வந்துவிடும்.
பக்கத்து மேஜை பிரக்ஞா மட்டும் கண்டுபிடித்தாள்:
முன்பு தூறலாய்த் தட்டுவாய்,
இப்போது தகரக் கூரையில் மழை என்றாள்.
வடாபாவில் பாதியைக் கொடுத்து அவளை அமைதியாக்கினேன்.

மிச்சமான நேரத்தை என்ன செய்வது?

வருகைப் பட்டியலில் இருக்கும் பெயரை
வங்கிப் பட்டியலில் தேடச் சொன்னால்
வீலுக்கப் மாதாமாதம்
பத்தொன்பது பேரை என்.ஏ. என்றுவிடும்.
தினக்கூலிக்கும் ஓர் எண் கொடுங்கள் என்று
மூன்று முறை எழுதிக் கேட்டாயிற்று.
அதுவரைக்கும் அந்தப் பத்தொன்பதுக்கும்
மஞ்சள் அடித்து, நிலுவை என்று போடுவது வழக்கம்.
நானும் அடித்திருக்கிறேன்.
பளிச்சென்ற மஞ்சள்.

இசக்கிமுத்து, பிவண்டி கிடங்கு, பதினாறு இரவுகள்.
கான்ட்ராக்டரிடம் அவர் எசக்கி முத்து.
வங்கியில் இஸாக்கி எம்.
மூவரும் ஒருவரே என்று
தாராவியில் எந்தத் திருநெல்வேலிக்காரரும் சொல்வார்.
ஃபார்முலா தாராவிப் பக்கம் வந்ததில்லை.
கையால் திருத்தினேன்.

அடுத்தது பிந்தேஸ்வரி பாஸ்வான்.
இங்கும் அங்கும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர்.
ஆனாலும் என்.ஏ.
எஃப் இரண்டை அழுத்திக் கட்டத்துக்குள் இறங்கினேன்.
கர்சர் பெயரை ஒட்டி நிற்கவில்லை;
ஒரு அடி தள்ளி மினுக்கியது.

யாரோ ஒருவரின் கட்டைவிரல்
சும்மா தொட்டுவிட்டுப் போன ஸ்பேஸ்பார்.
கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு வெற்றிடத்துக்குள்
இரண்டு மாதக் கூலி.

ஜூனில் ஒருவர் வந்தார்.
மழையில் நனைந்த ஹெல்மெட்டோடு
இந்தக் கதவருகே நின்றார்.
சிஸ்டத்தில் நீங்கள் இல்லை என்றேன்.
குனிந்து தன் கால்களைப் பார்த்தார்,
சரிபார்ப்பவர் போல.
என் மேஜை வரை சொட்டிய தண்ணீரை
அவரே கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார்.
பெயர் கேட்டேனா, நினைவில்லை.

டிரிம் போட்டேன். என்டர்.
பதினோராயிரத்து நானூற்று அறுபது
சட்டென்று வந்து உட்கார்ந்தது.
எங்கே போயிருந்தாய் என்று கேட்க முடியாத
ஒரு முகத்தோடு.

பத்தொன்பதில் பதினெட்டு முடிந்தது.
கடைசி வரிசையில் வெறும் ராஜு.
வங்கிப் பட்டியலில் ஏழு ராஜு.
இதற்கு எந்த விசைகளைச் சேர்த்து அழுத்துவது?

புது மவுஸ் வந்துவிட்டது, பெட்டி பிரிக்கவில்லை.
ஆறு பதினெட்டு ஸ்லோ லோக்கல்
காட்கோபரை விட்டுப் போயிருக்கும்.
நாலாவது ராஜுவின் போனில்
ஏதோ ஒரு போஜ்புரிப் பாட்டு
ஓடிக்கொண்டே இருக்கிறது.